சுருட்டுப் பெட்டியில் வந்த திருநீறு

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். அது தீரும்வரை வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. எனக்கு அந்த நாற்றமே ஆகாது, ஆனால் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அவர் இறந்துபோனபோது, பிரான்சிலிருந்து கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்த மரப்பெட்டிச் சுருட்டு பாதிக்கு மேல் மீதி இருந்தது.

என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைச் சாமி அலமாரியில் அப்பா படத்துக்குக் கீழே வைத்தார். அமாவாசைக்கு அமாவாசை படையலில் ஒரு சுருட்டு உண்டு. பற்றவைத்து, சாசரில் வைத்து, அது தானாக அணைகிறவரை படத்துக்கு எதிரில் நிற்பார். அந்த நேரம் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. பிறந்த வருஷத்திலிருந்தே வீசிங். மழைக்காலம் வந்தால் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதே எனக்கு வேலை.

வேலை என்றால், சம்பள வேலையும் இருந்தது. தட்டாஞ்சாவடியில் தோல் பைகள் தைக்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அங்கே எங்களுக்கு ஒரே எதிரி பூசணம். ஐப்பசி பிறந்தால் பைக்குப் பை ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவோம். அதையும் மீறிப் பூத்துவிட்டால் அந்தப் பையைத் தனியாக வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். ஊதக் கூடாது, உதறக் கூடாது. சூப்பர்வைசர் அம்மா தினமும் கத்துவார்.

சுனாமி வந்த மறு வருஷம் மழை கொஞ்சநஞ்சமில்லை. மழை தொடங்குவதற்கு முந்தைய மாசமே நான் முன்யோசனையாக நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கொண்டுவந்து சுருட்டுப் பெட்டிக்குள் போட்டேன். தோலும் புகையிலையும் ஒன்று என்று நினைத்த என் அறிவை என்னவென்று சொல்வது. அடுத்த அமாவாசைக்கு அவர் ஒரு சுருட்டை எடுத்தார், மேல் இலை பொருபொருவென்று கையிலேயே உதிர்ந்தது.

"எங்கப்பா சுருட்ட அப்பளமா பொரிச்சு வெச்சிருக்கியே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பொட்டலங்களை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு பாட்டில் மூடியில் பஞ்சை வைத்து, குழாய்த் தண்ணீரை ஊற்றி, பெட்டியின் மூலையில் வைத்தேன். காய்ந்தது பதமாகட்டும் என்று. லேசான ஈரம் போதும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தாராளமாகவே ஊற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. பிறகு மழை, பாப்பாவின் இருமல், கம்பெனியில் ஓவர்டைம் என்று நாள் ஓடியதில் அதைச் சுத்தமாக மறந்தும் போனேன்.

தீபாவளி அமாவாசையன்று காலையில் நான் அடுப்பில் இருந்தேன். அலமாரிப் பக்கமிருந்து அவர் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது. சுருட்டுகள் மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று பொடி. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா வந்துட்டாரு. பாரு, துண்ணூறு. பாப்பாவுக்கோசரம்தான் வந்திருக்காரு."

சாமி படத்தில் திருநீறு கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு நாங்களே போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்தது வேறு. பொடி பொடியாக இல்லை, முடி முடியாக நின்றது. அடியில் பச்சை ஓடியிருந்தது. நனைந்த சாக்கு நாற்றம். மூலையில் என் பஞ்சு கறுத்துப்போய்க் கிடந்தது.

நான் செய்த முதல் காரியம், பெட்டியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரிக் குனிந்து, அந்த மூடியையும் பஞ்சையும் கைக்குள் மறைத்ததுதான். நிமிர்வதற்குள் அவர் இரண்டு விரலால் பொடியை வழித்துப் பாப்பாவின் நெற்றியில் பூசிவிட்டார். ஒரு துளி நாக்கிலும் வைத்தார்.

"தாத்தா கசக்குதும்மா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். இது பூசணம், நான் வைத்த தண்ணீரால் வந்தது என்று இரண்டே வார்த்தை. சாவு வீட்டில் அழாத மனிதர் இப்போதுதான் அழுகிறார். அந்த அப்பாவை மறுபடியும் கொல்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், நீதான் செய்தாய் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

பாப்பா முகத்தைக் கழுவினேன், வாய் கொப்பளிக்க வைத்தேன். பெட்டியை மேல் தட்டில் ஏற்றினேன். மறுநாள் நான் கம்பெனியிலிருந்து வருவதற்குள் அவர் அதை இறக்கி, எதிர் வீட்டு அம்மாவுக்குக் காட்டி, பாப்பாவுக்கு மறுபடியும் பூசியிருந்தார். எதிர் வீட்டு அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நான் மறுபடியும் கழுவினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பாப்பா எழுந்து உட்கார்ந்தாள், பேச முடியவில்லை. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வீசிங் பம்ப் அடித்தும் அடங்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ கிடைக்கிறவரை நடந்தார். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவள் மூச்சுச் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. அது நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்கு ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். மூன்றாவது முறை வைத்த பிறகுதான் விலா குழிவது குறைந்தது. டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்ல புதுசா ஏதாவது? ஈரம், பூஞ்சை, புகை?"

என் வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சிலிக்கா ஜெல், பஞ்சு, குழாய்த் தண்ணீர், நெற்றி, நாக்கு.

"இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. மழைக்கே வரும். ஆனா அந்தப் பெட்டி இனிமே வீட்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போனார்.

மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்குப் போனேன். மூக்கைக் கட்டிக்கொண்டு பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். பூக்காத சுருட்டு நாலைந்து இருந்தது. துடைத்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது. எல்லாவற்றையும் பெட்டியோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அலமாரியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். படத்தை மட்டும் திரும்ப மாட்டினேன்.

திரும்பி வந்தபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டுக் கேட்டார். "அது பூசணம்னு எப்ப தெரியும் உனக்கு?"

"பார்த்த ஒடனே."

அவர் பாப்பா பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு அடி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், மாடிப்படி ஏறினால் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் மழை நாளில் அவள் ஒரு தடவை இருமினால் போதும், அவர் திரும்பி முதலில் என்னைத்தான் பார்க்கிறார்.