வாய்ப்பக்கம் தேய்ந்த துப்பாக்கி

துப்பாக்கி சுடும் கழகத்தில் பழுதுபார்க்கும் அறை அவளுடையது. ஆள் சிறுசு, காரம் பெரிசு என்பதால் எல்லோரும் வைத்த பெயர் கடுகு. அவளுக்குக் கோபம் வந்துவிட்டால் கட்டடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் திடீரென்று வேறெங்கோ அவசர வேலை முளைத்துவிடும். அன்று காலை யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. எல்லோரும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசமா குண்டு கண்ட இடத்துல போகுது. கை போயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் பயிற்சியாளர். "மதியம் மூணு மணிக்கு அணி லிஸ்ட் அனுப்பணும். இவங்க பேர எடுத்துடலாம்."

'இவங்க' என்றது அணியில் சுடும் கடுகின் நாத்தனாரை. மாமியாரை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று தொடங்கிய சண்டையில், இருவரும் பேசி இரண்டு வருடமாகிறது. வீட்டில் எட்டூருக்குக் கேட்கும் அந்த வாய் இங்கே ஊமைக்கோட்டான் மாதிரி மூடியிருந்தது. அதைப் பார்க்கத்தான் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கை போச்சுன்னு சொல்றீங்களே, துப்பாக்கியப் பாத்தீங்களா?" என்றாள்.

"போன மாசம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதானே?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. "நான் திரும்பப் பாக்கற வரைக்கும் அந்த லிஸ்ட்ல யாராவது கை வெச்சீங்க, தெரியும் சேதி!" என்று நாத்தனாரின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

துப்பாக்கிக் குழாயின் உட்சுவரில் சுருள் சுருளாக வரிகள் ஓடும். குண்டைச் சுழற்றி நேராக அனுப்புபவை அவைதான். தேய்மானம் என்றால் பின்பக்கத்தில், குண்டு கிளம்பும் இடத்தில், நெருப்புப் படும் இடத்தில்தான் தொடங்கும். அதனால் அவள் எப்போதும் அங்கேதான் பார்ப்பாள். இன்றும் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தாள். அங்கே வரிகள் புதுசு மாதிரி இருந்தன.

"அப்புறம் என்ன கேடு உனக்கு?" என்று துப்பாக்கியையே திட்டினாள்.

பிறகு மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றைப் பின்பக்கம் வைத்து, உறை போட்ட கம்பியால் மெல்லத் தள்ளினாள். வழி முழுக்க ஒரே சீராக இறுக்கம். குழாயின் வாயை எட்ட இரண்டு விரற்கடை இருக்கும்போது குண்டு சட்டென்று வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. கேமராவை முன்பக்கமாக விட்டாள். வாயருகே ஒரு பக்கத்து வரிகள் மழுங்கிக் கிடந்தன. மறுபக்கத்து வரிகள் அப்படியே இருந்தன. வாய் ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு கோணிக்கொண்டுதான் கிளம்பும். கையா போயிற்று? நாசமாய்ப் போக! சுட்டு வந்த தேய்மானமே இல்லை இது. யாரோ தேய்த்து வந்தது.

பக்கத்திலேயே இருந்த துப்பாக்கி வைக்கும் அறைக்குப் போனாள். உயரமான மேடையில், வாய் மேலே பார்க்க, எல்லாம் வரிசையாக நின்றன. நான்கைச் சோதித்தாள். நான்கிலும் அதே பக்கம், ஆனால் லேசாக. நாத்தனார் அங்கேயே ஒரு மூலையில் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இத எப்படித் துடைக்கற? காட்டு."

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு அது. நாத்தனார் முறைத்துவிட்டு, துப்பாக்கியை மேடையிலேயே நிறுத்தினாள். எக்கி நின்று, வாய் வழியாக வெறும் இரும்புக் கம்பியை விட்டாள். எட்டாத உயரம். கம்பி அவள் பக்கமாகச் சாய்ந்து, வாய் விளிம்பில் உரசியபடியே ஏறி இறங்கியது.

"நிறுத்துடி! பின்பக்கமா விடாம எவன் இப்படிச் சொல்லிக் கொடுத்தான்? நாளுக்கு எத்தன தடவ?"

"சுடறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மத்தவங்க மாதிரி வாரத்துக்கு ஒரு தடவ தொட்டுட்டுப் போக என்னால முடியாது."

சோம்பேறிகளின் துப்பாக்கி பிழைத்தது, ஒழுங்காக இருந்தவளின் துப்பாக்கி செத்தது. கடுகுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நாத்தனார் சுவரைக் காட்டினாள். 'துப்பாக்கிகளை மேடையிலிருந்து எடுக்காமலே துடைக்க வேண்டும்.' முன்பு ஒருமுறை மேசையிலிருந்து ஒன்று விழுந்ததற்காகப் பயிற்சியாளர் போட்ட உத்தரவு. கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே கடுகின் கையெழுத்து. இந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது என்று அன்று படிக்காமலே போட்டது.

பின்னாலேயே வந்து நின்ற பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தினார். "பாத்தீங்கல்ல? விடுங்க. கம்பிய மாத்திடுவோம். இவங்களுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நம்ம ரெண்டு பேர் மானமும் தப்பும்."

"என் மானத்த நீங்க தாங்கிப் பிடிக்க வேண்டாம்!" அவள் கத்தியதில் வாசலில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அங்கேயே நின்றபடி எழுதினாள். 'துடைத்தவர்மேல் குற்றம் இல்லை. சொன்னபடி செய்தார். சொன்னது தவறு. அதற்கு ஒப்புதல் தந்தவர்கள் இருவர்.' தன் பெயரை முதலில் எழுதி, அவர் பெயரை அடுத்து எழுதி, கழகத் தலைவரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு மணிக்கு, அப்போதுதான் உறை பிரித்த மாற்றுத் துப்பாக்கி ஒன்றில் எல்லோர் முன்னாலும் நாத்தனார் பத்துக் குண்டு சுட்டாள். பத்து ஓட்டையையும் ஒரு கட்டைவிரல் மறைத்தது. லிஸ்டில் பெயர் நின்றது. பயிற்சியாளருக்கும் கடுகுக்கும் விளக்கம் கேட்டுத் தலைவர் கடிதம் அனுப்பினார்.

சாயங்காலம் நாத்தனார் பழுதுபார்க்கும் அறை வாசலில் வந்து நின்றாள். நன்றி சொல்லும் முகமாக அது இல்லை.

"அண்ணி, நடுவுல ஒரு சுவர்தான். ரெண்டு வருஷமா இரும்பு இரும்போட உரசியிருக்கு. இதே வேலையில தலை நரைச்சவங்க நீங்க. உங்க காதுல விழவே இல்லையா?"

பொய் சொல்லலாம். கடுகுக்கு அது வராது.

"விழுந்துச்சு. நீ உள்ள இருக்கன்னு கதவச் சாத்திக்கிட்டேன்."

நாத்தனார் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"திட்டுடி" என்றாள் கடுகு.

அவள் திட்டினாள். மூன்று மாதம் தூக்கமில்லாமல் தன் கையையே சபித்துக்கொண்டு கிடந்ததையெல்லாம் சொல்லி, அழுதுகொண்டே திட்டினாள். கடுகு இந்த முறை கதவைச் சாத்தவில்லை.