ஸ்டார்டரில் சொருகிய குச்சி

நான் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய முதல் மோட்டார் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எரிந்துபோய் மாட்டுவண்டியில் திரும்பி வந்தது.

நான் படித்தது சாண்ட்விச் டிப்ளமா. ஒரு செமஸ்டர் முழுக்க வெளியே வேலை பழக வேண்டும். சனிக்கிழமை மட்டும் காஞ்சிபுரத்தில் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் வகுப்பு. எனக்கு வாய்த்தது உத்திரமேரூர் பஜாரில் கரீம் பாயின் வைண்டிங் கடை. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த செமஸ்டர் கோவிந்தா.

மோட்டார்காரர் மாகறல் கிராமத்து ஏகாம்பரம், விவசாயி. வண்டியில் இருந்தபடியே கத்தினார்.

"இன்னா பாய், காலேஜ் புள்ளைய வுட்டு என் மோட்டார்ல பாடம் நடத்திக்கினு கீறியா? நெல்லு பால் புடிக்கிற நேரம். காஞ்சுதுன்னா போச்சு!"

பாய் என்னைப் பார்த்தார். "நீ கட்டுனதுதானே? போயி பாத்துட்டு வா. காயில் மேல தப்புன்னா எங்கிட்ட கையெழுத்து கேக்காத."

அதே வண்டியில் ஏறிப் போனேன்.

பம்புசெட் கொட்டகையில் ஸ்டார்டர் மூடியைத் திறந்தேன். மோட்டாருக்குக் கரண்ட்டைச் சேர்த்துவிடும் கான்டாக்டர் அமுங்கியே இருக்கும்படி ஒரு வேப்பங்குச்சி சொருகியிருந்தது. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஆனால் மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் ஸ்டார்டரால் துண்டிக்க முடியாது. மோட்டார் சுற்றாமல் உறுமியே வெந்துபோகும். போன சனிக்கிழமைதான் வகுப்பில் இதை நடத்தியிருந்தார்கள். அப்பாடா, பிழைத்தேன்! குச்சியைப் பிடுங்கிக் காட்டினேன்.

"அண்ணே, மோட்டார எரிச்சது இதுதான். நான் இல்ல."

அவர் கோபப்படவில்லை.

"தெரியும்பா. கரண்ட்டு ராத்திரில எப்ப வரும், எப்ப போவும்னு எவனுக்குத் தெரியும்? பட்டன் அமுக்க வந்த என் தம்பிய இந்த வரப்புலதான் பாம்பு புடுங்கிச்சி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பூட்டான். அப்பலேர்ந்து குச்சிதான்."

என் கையிலிருந்த குச்சியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பி பாயிடம் சொன்னேன்.

"எல்லாக் கொட்டாயிலயும் குச்சி கீதுப்பா. அது இல்லேன்னா நம்ம கடைக்கு வேல ஏது?" என்றார். அன்றே மறுபடி காயில் கட்ட உட்கார்ந்தோம். செமஸ்டர் முடிவில் கையெழுத்தும் போட்டார்.

மோட்டார் எரிவதற்கான காரணங்களைப் பரீட்சையில் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததை எல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

பிறகு ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் காலம் தள்ளினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். எரிந்த மோட்டாரைத் திறப்பதற்கு முன்னால், அந்த ஊரில் கரண்ட் எப்போது வருகிறது, அந்த நேரத்தில் வயலுக்கு யார் போகிறார்கள் என்று கேளுங்கள்.