இன்ஜினியர் எங்கே?

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் நான் வேலை பார்த்த கேசட் கடைக்கு மாடியேறி வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "இன்ஜினியர் எங்கே?" என்பார்கள். கேட்கிறவர் நிற்பதே இன்ஜினியருக்கு எதிரில்தான். பெரிய டேப் சுருள் ஓடும் இரண்டு ஸ்பூல் மெஷினுக்கு நடுவே, கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு ராக்காயி உட்கார்ந்திருப்பாள். "சொல்லுங்க" என்பாள். அவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் இருக்கிற கதவைப் பார்ப்பார்கள். அந்தக் கதவைத் திறந்தால் கக்கூஸ். அதற்குள்ளிருந்து ஒரு ஆம்பளை வந்து தங்கள் பாட்டைக் காப்பாற்றுவான் என்று எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது.

நான் ஜெயபாலன். அந்தக் கடையில் கேசட் காப்பி எடுக்கிறவன். பாடகர்கள் பாடி முடித்த பெரிய ஸ்பூல் முதலில் ராக்காயியிடம் போகும். ஒரு பாட்டு கத்தும், அடுத்த பாட்டு முனகும். ஒன்றில் உறுமி மேளம் குரலை விழுங்கியிருக்கும், இன்னொன்றில் மேளம் இருப்பதே தெரியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டு, சீராக்கி, பாட்டுக்கும் பாட்டுக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்று தீர்மானித்து, முன்பக்கம் பின்பக்கம் பிரித்து ஒரே டேப்பாக ஆக்கித் தருவாள். அதுதான் மாஸ்டர். அதை வைத்து நான் நூறு, இருநூறு என்று காப்பி எடுப்பேன். என் வேலைக்குக் கை போதும். அவள் வேலைக்குக் காது வேண்டும், அதற்கு மேல் பிடிவாதம் வேண்டும். இரண்டும் அவளிடம் தேவைக்கு மேலேயே இருந்தன.

வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு பெரிய அட்டையில் அவளே எழுதிச் சுவரில் மாட்டினாள். கேசட்டில் பதிந்து கொண்டுவந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, போதாது, ஸ்பூல் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தது. என் குரலை மட்டும் தனியாக ஏற்ற முடியுமா என்பவர்களுக்கு, முடியாது, பிசைந்த சோற்றிலிருந்து குழம்பைத் தனியே எடுக்க முடியாது என்று பதில். எல்லாவற்றையும் விடச் சத்தமாக வேண்டும் என்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு, "சத்தம் வேண்டுமானால் உங்கள் ரேடியோவில் திருகு இருக்கிறது, திருகிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தாள். முதலாளி அதை அடிக்கச் சொன்னார். மெல்லிய ஒரு கோடு போட்டு அடித்தாள், எழுத்து நன்றாகவே தெரிந்தது. அட்டையின் கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு இருந்தது. மாஸ்டரை முதலிலிருந்து கடைசி வரை கேட்டபிறகு கையெழுத்துப் போடவும், போட்டபின் மாற்றம் கிடையாது.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அம்மா காளியம்மா பாலுக்காக ரப்பர் மரம் சீவுகிறவர். அப்பா அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். எழுபத்து நான்கில் ஈப்போவுக்கு வந்து ரேடியோ சாமான் செய்யும் ஃபேக்டரியில் ஈயம் பற்றவைத்தாள். அங்கிருந்து எங்கள் கடைக்கு, ஒயர் பற்றவைக்கத்தான் வந்தாள். எழுபத்தாறில் இருந்த டெக்னீஷியன் பாதி வேலையைப் போட்டுவிட்டு சிங்கப்பூர் போய்விட்டான். மறுநாள் வாடிக்கையாளர் வந்து நின்றபோது டேப் முடிந்து தயாராக இருந்தது. யார் முடித்தது என்று முதலாளி கேட்டார். நான்தான் என்றாள். அவர் ஹெட்போனை மாட்டி அரை மணி நேரம் கேட்டுவிட்டு, நாளையிலிருந்து நீயே உட்கார் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி முத்துராமன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். செட்டிநாட்டுக் குடும்பம், சங்கீதம் தெரிந்தவர், சம்பளத்தை ஒரு நாள் தாமதிக்க மாட்டார். ஆனால் ஏழு வருஷம் அவள் செய்த ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் 'மாஸ்டர்: முத்துராமன்' என்றுதான் அச்சாகி வந்தது. இந்த இடத்தில் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்த அட்டைகளை மடித்து டப்பாவில் செருகியவன் நான்தான். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை என்பதால் கோபத்தில் பாதி என் மேலும்தான்.

எண்பத்து மூன்றில் அவள் தோட்டத்து மாரியம்மன் கோயிலே எங்களிடம் வந்தது. ஆடித் திருவிழாவுக்கு ஒரு கேசட். அம்மன் பாட்டுகள், தோட்டத்து ஆட்களின் உறுமி மேளம், நடுவில் கோயில் தலைவரின் உரை. தலைவர் சதாசிவம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. மாடியேறி வந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ராக்காயி முகத்தைத் தூக்கியதும் அடையாளம் தெரிந்து சிரித்தார்.

"நீ காளியம்மா மகதானே? இங்கதான் தூசு துடைக்கிறியா? நான் லயத்துல சொன்னப்ப உங்கம்மா நம்பல லா."

ராக்காயி ஸ்பூலை வாங்கி மெஷினில் மாட்டினாள். அவர் போனபிறகு என்னிடம் சொன்னாள். அவள் அம்மா லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரிடமும் மகள் இன்ஜினியர் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இந்த மனுஷன் தண்ணீர்க் குழாயடியில் நின்று பத்துப் பேர் முன்னால் அதைப் பொய்யாக்கியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா குழாயடிக்குப் போகும் நேரத்தையே மாற்றிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது அவள் கை ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே முதலாளியிடம் போனாள். இந்த ஒரு கேசட்டில் மட்டும் என் பேர் வேண்டும் என்றாள். அவர் மென்மையாகத்தான் பேசினார். வியாபாரம், வாடிக்கையாளர் நம்பிக்கை என்று ஏதேதோ சொல்லிவிட்டுக் கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னார். ராக்காயி என்று போட்டால் கேசட் தோட்டத்துச் சரக்கு மாதிரி ஆகிவிடும், வேண்டுமானால் ராணி என்று மாற்றிப் போடலாம் என்றார்.

"எங்கம்மாவுக்கு ராணின்னு மக இல்ல முதலாளி. நீங்க போடலன்னா நானே போட்டுக்கறேன்."

அவர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார். அச்சுக்குப் போன அட்டையில் வழக்கம்போல அவர் பேர்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மாஸ்டர் டேப்பின் தலையில், பாட்டு ஆரம்பிக்கும் முன், செய்தவர் தன் குரலில் இரண்டு வார்த்தை பேசிப் பதிந்து வைப்பார். இது இன்ன கேசட், முன்பக்கம், சத்தம் சரி என்று. காப்பி எடுக்கிறவனுக்கு டேப் மாறிப்போகாமல் இருக்கத்தான் அது. அந்தப் பேச்சைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் நான் காப்பியை ஆரம்பிப்பேன். ஏழு வருஷமாக நான் ஒருவன் மட்டுமே கேட்ட குரல் அது.

மாஸ்டர் தயாரானதும் சதாசிவம் கமிட்டி ஆட்கள் மூன்று பேரோடு வந்தார். அவள் ஸ்பூலை மாட்டி, முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று அட்டையைக் காட்டினாள். அவருக்குப் பொறுமை இல்லை. அவர் உரை எந்த இடத்தில் வருகிறதோ அங்கே போகச் சொன்னார். போனாள். ஏழு நிமிஷ உரையை மூன்று தடவை கேட்டார். குரலில் இன்னும் கொஞ்சம் கனம் வருமா என்றார். ஒரு திருகைத் தொட்டாள், கனம் வந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கியே விட்டது. தன் குரலைக் கேட்டே அழுத ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"கிராணி ஐயா, மொதல்ல இருந்து கேட்டாத்தான் கையெழுத்து போடணும்" என்று மறுபடியும் சொன்னாள்.

"என் பேச்சு நல்லா இருந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் லா" என்று சொல்லி, முழுவதும் கேட்டேன் என்று அச்சிட்ட தாளில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் இறங்கிப் போனதும் ராக்காயி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காப்பி எடுக்கும்போது தலையிலேர்ந்தே எடுங்க. எதையும் தாண்டாதீங்க." நான் ஹெட்போனை மாட்டி அந்தத் தலைப்பகுதியைக் கேட்டேன். கழற்றிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஏழு வருஷமாக மடித்துச் செருகிய அட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஐந்நூறு காப்பியையும் தலையிலிருந்தே எடுத்தேன்.

திருவிழாவன்று கேசட் பெட்டிகளோடு தோட்டத்துக்குப் போனேன். அவளும் வந்தாள், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். தென்னை மரத்தில் ஒன்று, கோயில் கூரையில் ஒன்று என்று குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. தீபாராதனை முடிந்தது. சதாசிவம் மாலையும் கழுத்துமாக நின்று, நம் தோட்டத்தின் சொந்தக் கேசட் என்று அறிவித்துவிட்டு மைக் செட்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு லயத்தின் கடைசி வீடு வரைக்கும் அந்தக் குரல் போனது.

"இது மாஸ்டர் டேப். முன்பக்கம். சத்தம் சரி. மாஸ்டர் செஞ்சது ராக்காயி, காளியம்மா மக."

அடுத்த நொடியில் உறுமி விழுந்தது. அந்தக் குழாயில் உறுமி அத்தனை தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. குழாய் எதை விழுங்கும் எதைத் துப்பும் என்று தெரிந்து செய்தவள் அவள்தான். ஆனால் யாரும் மேளத்தைக் கவனிக்கவில்லை. கூட்டம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. சதாசிவம் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். மைக் செட்காரர் நிறுத்தினார். அந்த அமைதியில் காளியம்மா இரண்டடி முன்னால் வந்தார்.

"நிறுத்திட்டீங்க இல்ல, இப்ப மொதல்ல இருந்து போடுங்க" என்றார். கூட்டத்தில் நாலைந்து பெண்கள் ஆமாம் போடுங்க என்றார்கள். போட்டார்கள். நான் குனிந்து கேசட் பெட்டியைப் பிரித்தேன்.

மறுநாள் காலை சதாசிவம் கடையில் இருந்தார். ஐந்நூறையும் திரும்ப எடுத்துக்கொண்டு புதிதாகச் செய்து தர வேண்டும் என்றார். முதலாளி முகம் சிவந்து ராக்காயியைக் கூப்பிட்டார். சதாசிவம் கையெழுத்துப் போட்ட தாளை அவள் மேசையில் வைத்தாள்.

"முழுசும் கேட்டேன்னு ஐயா கையெழுத்து போட்டிருக்காரு. கேக்கலன்னா இப்ப சொல்லச் சொல்லுங்க."

கோயில் தலைவர், பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று எப்படிச் சொல்வார்? சொல்லவில்லை. முதலாளி வேறு வழி பார்த்தார். பெரியவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு, இதோடு விட்டுவிடலாம் என்றார்.

"வேலையை விட்டுப் போகச் சொல்லுங்க, போறேன். மன்னிப்பு கேக்க மாட்டேன். அந்த டேப்புல நான் சொன்னதுல எது பொய்?"

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் தன் சோல்டரிங் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அது அவள் சொந்தக் காசில் வாங்கியது.

இரண்டாம் முறை காப்பிக்கு முதலாளியே பிளேடு எடுத்து டேப்பின் தலையை வெட்டினார். அவள் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று ஒரு நாளாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். குரலோடு சேர்த்து உறுமியின் முதல் அடியையும் வெட்டிவிட்டார். அந்தக் கேசட் தடுக்கி விழுகிறவன் மாதிரி ஆரம்பித்தது. கடைகளில் வாங்க வந்தவர்கள், இது வேண்டாம், அந்தப் பொண்ணு பேசுறது இருக்கா என்று கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து நானும் அங்கிருந்து கிளம்பினேன்.

எண்பத்தைந்தில் ஈப்போவிலேயே ஒரு தையல் கடைக்கு மேல் அவள் தனி அறை எடுத்தாள். பலகையில் ராக்காயி என்று மட்டும் எழுதினாள், வேறு அலங்காரம் இல்லை. காப்பி எடுக்க நான் சேர்ந்துகொண்டேன். இரண்டு வருஷம் கஷ்டம்தான், சொல்லிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. பிறகு ஆட்கள் வந்தார்கள். அதே கேள்விகள், அதே அட்டை. சத்தத் திருகு பற்றிய வரி இந்த முறை கோடு போடாமல் இருந்தது.

எண்பத்தெட்டில் ஒரு நாள் பீடோர் பாசார் மாலாமில், அந்த ஊர் இரவுச் சந்தையில், கேசட் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மன் படம் போட்ட ஒரு திருட்டுக் காப்பி கையில் அகப்பட்டது. அட்டை புதிது. கோயில் பேர் இல்லை, சதாசிவம் பேர் இல்லை, முத்துராமன் பேர் இல்லை. பாட்டுகளின் வரிசையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. வாங்கிக்கொண்டு வந்து மறுநாள் அவள் மேசையில் வைத்தேன்.

போட்டாள். காப்பிக்குக் காப்பி எடுத்து இரைச்சல்தான் அதிகமாக இருந்தது. எவன் இப்படிக் கொலை செய்தானோ என்று திட்டினாள். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. ராக்காயி, காளியம்மா மக. சதாசிவத்தின் உரையை எவனோ முழுதாக வெட்டி எறிந்திருந்தான். இதை மட்டும் விட்டு வைத்திருந்தான். ராக்காயி நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். கக்கத்தில் ஸ்பூல் பெட்டி, நெற்றியில் விபூதி. அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இன்ஜினியர் எங்கே?"

நான் கை நீட்டி மெஷினை நிறுத்தினேன். கேசட்டைத் திரும்பச் சுற்றி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.