பங்காளி இழுத்த லைன்

பருத்திப்பட்டில் லோகநாதன் வீட்டுக்கு இன்டர்நெட் என்றால் அது மகள் ஜெயப்பிரியாவின் செல்போன்தான். அதை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு, அடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வரும், அந்தப் பக்கம் அடித்தால் போய்விடும். அப்படி ஒரு நெட்!

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. காலையில் போனால் சாயங்காலம் வீட்டில் டீ குடிக்கலாம். அந்த ஆபீஸைத்தான் தூக்கிக்கொண்டு போய் சென்னைக்கு அந்தக் கோடியில், சிறுசேரியில் வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், ஆனால் கேபிள் வழியாக வருகிற நெட் இருக்க வேண்டுமாம். அதன் வேகத்தை அளந்து, திங்கட்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிறுசேரிப் பக்கம் ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான். ஜெயப்பிரியாவுக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை.

முதலில் அம்மா ராணியைப் பிடித்தாள். ராணிக்கு இடி பயம்.

"கம்பிய ஊட்டுக்குள்ள உட்டா இடி வுழாதாடி?"

"அது கம்பியே இல்லம்மா. கண்ணாடி நூலு. உள்ள கரண்டு ஓடாது, வெளிச்சம்தான் ஓடும்."

"வெளிச்சத்துல சீரியல் வருமா?"

"நடுவுல சுத்திக்கினே நிக்காம வரும்."

அவ்வளவுதான், ராணி மகள் கட்சிக்கு வந்துவிட்டாள்.

அப்பாதான் மலை. ஜெயப்பிரியா அவருக்கும் பொறுமையாகச் சொன்னாள். "போன் நெட்டுன்றது தண்ணி லாரி மாதிரிப்பா. தெருவே குடத்த தூக்கிக்கினு ஓடியாரும், நமக்கு அரைக் குடம்தான் கெடைக்கும். இது நம்ம ஊட்டுக்குன்னு வர்ற குழா."

லோகநாதன் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இதெல்லாம் அவருக்குப் புரியாமலா? "குழா நல்ல குழாதான்மா. அது யார் ஊட்லேர்ந்து வருதுன்னு பாரு," என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

விஷயமே அங்கேதான் இருந்தது. அந்தத் தெருவில் கேபிள் டிவியும் நடேசன்தான், இன்டர்நெட்டும் நடேசன்தான். வேறு கம்பெனிகளைக் கேட்டால், உங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை என்று கையை விரித்தார்கள். நடேசன் யாரோ அல்ல, லோகநாதனின் சித்தப்பா மகன், பங்காளி. அவன் போன தை மாதம் மாடி எடுத்துக் கட்டி, கிரகப்பிரவேசம் வைத்தான். பங்காளி வீட்டுக்குப் புருஷனும் பொண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். அதுதான் அவர்கள் குடும்பத்து முறை. நடேசன் என்ன செய்தான்? பத்திரிகையைப் போட்டோ எடுத்து, கேபிள் கஸ்டமர் எல்லோருக்கும் தட்டிவிட்ட கையோடு அண்ணனுக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான்! லோகநாதன் போகவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெயப்பிரியா பொறுத்தது போதும் என்று கிளம்பி நேரே நடேசன் வீட்டுக்குப் போனாள். நடேசனும் குறையோடுதான் இருந்தான்.

"மூத்தவரு, வாசப்படி மிதிக்கலியேம்மா. ஊரே கேட்டுச்சு, உங்க அண்ணன் எங்கன்னு. என் மானமே போச்சு."

"நீங்க நேர்ல வந்து கூப்டீங்களா சித்தப்பா?"

"அனுப்சேனே..." என்று ஆரம்பித்த நடேசன் பாதியில் நிறுத்திவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட ஆண்டவா! கஸ்டமர் லிஸ்ட்ல அண்ணனையும் சேத்து அனுப்சிட்டனா? கிறுக்குப் பய வேலைம்மா இது." அவள் சிறுசேரி கதையையும் சொல்லி முடித்தாள். நடேசன் யோசித்துக்கொண்டே உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டான்.

அன்று சாயங்காலம் புருஷனும் பொண்டாட்டியுமாக வாசலில் வந்து நின்றார்கள். நடேசன் வேட்டி கட்டியிருந்தான். அவன் மனைவி கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ. ராணி பதறிப்போய்ப் பாயை விரித்தாள். லோகநாதன் பேப்பரை இறக்கவே இல்லை.

நடேசன் தட்டை இரண்டு கையாலும் நீட்டினான். "அண்ணா, நாளைக்கிக் காலைல உங்க ஊட்டுக்கு லைன் இழுக்கறோம். நீயும் அண்ணியும் கூட இருந்து நடத்திக் குடுக்கணும்."

பேப்பர் மெல்ல இறங்கியது. "ஏன்டா, என் ஊட்டுக்கு என்னியே கூப்புட வந்துகீறியா?"

"முறையா கூப்பிடாம இன்னொரு தடவ தப்பு பண்ண மாட்டேண்ணா."

லோகநாதன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, தட்டை வாங்கிக்கொண்டார். ஜெயப்பிரியாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடேசன் தன் மாடியிலிருந்து லைனை இழுத்துக்கொண்டு வந்தான். லோகநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துடா, பார்த்துடா என்று அவன் உயிரை வாங்கினார். சுவரில் பெட்டி ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. ஜெயப்பிரியா வேகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் டீம் லீடரிடமிருந்து பதில் வந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். சந்தோஷத்தில் அழுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

வெளியே நடேசன் ஏணியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற லோகநாதன், மகள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "புள்ள ஆஸ்டலுக்குப் போய்டுவாளோன்னு ராத்திரில கண்ணே மூடலடா நான்."

"அவ்ளோ இருந்தா ஒரு போன் பண்ணிருக்கலாம்லண்ணா? ஓடியாந்துருப்பேனே."

"போன் பண்றதா?" லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தெனம் நீ இந்தத் தெருவுல போறப்ப எல்லாம், இன்னிக்கி வண்டிய நிறுத்துவே, இன்னிக்கி நிறுத்துவேன்னு பாத்துகினே இருந்தேன்டா."