மனைவியின் தியானமும் என் சந்தேகமும்

பழவங்காடியில் எனக்குப் பாத்திரக் கடை. விலை சொல்லாமல் ஒருவன் எதையாவது கொடுத்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். தம்பானூரில் ஏதோ லாட்ஜ் மாடியில் இலவசத் தியான வகுப்பு என்று என் மனைவி கிளம்பியபோதும் வந்தது. அவளுக்குத் தூக்கம் சரியில்லை. டாக்டரைப் பார் என்றேன். அவள் வகுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கம் வந்தது, அதை மறைப்பானேன்? இரண்டே வாரத்தில் குறட்டை விட்டாள். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. காலையில் அரை மணி நேரம் உட்காருவாள். நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறாளா என்று எட்டிப் பார்ப்பேன். வேண்டுமென்றே மிக்ஸியை ஓட்டுவேன். ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பேர் கேட்க, “சுவாமினிக்குப் பாயசம் வேண்டாம், எல்லாம் துறந்தாச்சு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

“அரை மணிக்கூர் சும்மா இருந்தா என்ன கெட்டுப்போகும்?” என்று எங்கள் ஊர் மலையாளம் கலந்த தமிழில் ஒருநாள் கேட்டாள்.

“எல்லாருக்கும் ஒரே மருந்துன்னு சொல்றவனை நம்பக்கூடாது” என்றேன். கடையில் பெருமையாகச் சொல்லும் அளவுக்கு அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது.

மூன்றாவது மாதம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்தாள். “இது என் கைன்னே தோணலை” என்றாள். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

“தினம் எவ்வளவு நேரம் உட்காருவீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நாலு மணிக்கூர். இவங்க கடைக்குப் போன பிறகு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயமாக இருக்கிறது என்று அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே போகிறது, இன்னும் கூடுதல் நேரம் உட்கார் என்றார்களாம். தியானம் பலருக்கு நல்லதுதான், சிலருக்கு இப்படி ஆவதும் உண்டு, இப்போதைக்கு நிறுத்துங்கள் என்றார் டாக்டர். நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நொடி மனசுக்குள் சந்தோஷம்கூட வந்தது. வெட்கக்கேடு.

“எத்தனை நாளா இப்படி?” என்றேன்.

“ஒரு மாசமாச்சு.”

“ஒரு மாசமா? என்கிட்ட ஏன் சொல்லல்லே?” டாக்டர் எதிரே இருப்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே சொன்னாள்: “இவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. அங்கே யாரும் சிரிக்கல்லே, கேட்டோ.”