மாடசாமி அண்ணன் பின்வாங்கிய விதம்

காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசையில் நின்றபோதுதான், "மாடசாமி போயிட்டாருடா" என்றார்கள். நான் நம்பவில்லை. அடிபட்டவர் போலச் சுருண்டு, கிட்டே வருகிறவனின் விலாவில் குத்துகிற மனிதர் அவர். சாவையும் அப்படித்தான் கிட்டே இழுக்கிறாரோ என்று, கிடத்தியிருந்தவரின் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ்லயத்து வரிசைவீட்டு மக்களே, இரண்டு லயத்துக்கும் ஒன்றேயான பீலிக் குழாய்த் தண்ணீர்ச் சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. மேல்லயம் முந்திக்கொண்டால் நம் பெண்கள் பெரட்டுக்குப் பிந்துவார்கள். பிந்தினால் அரைச் சம்பளம். சண்டை முற்றவும் தோட்டத்துத் துரை தன் குத்துச்சண்டைத் தோல் கையுறைகளைக் கொடுத்து, லயத்துக்கு ஒருவர் மோதட்டும், ஜெயிக்கிற லயத்துக்கே முதல் தண்ணீர் என்றார். மேல்லயத்துக்குப் பெரிய கங்காணியின் மருமகன் முத்துவீரன். அவன் வேட்டியைக் காயப்போட ஒரு லயத்துக் கொடி போதாது. நமக்கு, தேயிலை ஸ்டோரில் அடுப்பெரித்த மாடசாமி அண்ணன்: உயரத்தில் குட்டை, குத்தில் நெட்டை.

மோதலுக்கு முந்தின நாள் பசறை டவுன் கடைக்குப் போய்த் திரும்பியவர்கள், கங்காணி வீட்டு வாசலில் அண்ணன் கறிச்சோறு தின்றதைக் கண்டுவிட்டார்கள். பிறகு கேட்பானேன்!

ஸ்டோர் முற்றம் சரிவானது. முத்துவீரன் கையை நீட்டி நீட்டிப் பாய்ந்தான். அண்ணன் பின்னாலேயே போனார்.

"ஏணி வேணுமாண்ணே?" என்றேன்.

"கறிக்கு வெலை போயிட்டாரு!" என்று அடுத்த காம்பிரா வீட்டு ராக்காயி அக்கா கத்தினார்.

அண்ணன் நேராகப் பின்வாங்கவில்லை. அவனுடைய வலக்கைக்கு எட்டாத பக்கமாக வளைந்து வளைந்து மேட்டுக்கு ஏறிவிட்டார். இப்போது நெட்டையன் பள்ளத்தில். ஏறி ஏறி அடித்தவனுக்கு மூச்சு வாங்கியது. வீசிய கைக்கு அடியில் அண்ணன் நுழைந்தார். விலாவில் ஒன்று, வயிற்றில் ஒன்று. முத்துவீரன் மடங்கி உட்கார்ந்தான். முதல் தண்ணீர் நமக்கானது.

"அப்ப கறிச்சோறு?" என்று கேட்டேன்.

"பசிச்சுச்சு, தின்னேன். தோத்துப்போறேன்னு நான் சொல்லலையே."

சில நாளில் அவரை அடுப்பிலிருந்து எடுத்து, மழையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போட்டார்கள். மார்ச்சளியில் போனார் என்கிறார்கள். ஆளை வேலை மாற்றிப் போடும் அதிகாரம் மார்ச்சளிக்கு எப்போது வந்தது என்பதுதான் என் சந்தேகம்.

அவர் சொன்னதில் ஒன்றை நான் வைத்திருக்கிறேன்: "ஒசந்தவன் கைய நம்பாத. காலப் பாரு. அடுத்து எங்க வரப்போறான்னு அதுதான் சொல்லும்."

குழிமேட்டில் பெரிய கங்காணி கை கூப்பி நின்றார். கண்ணில் நீர்கூட இருந்தது. நான் அவர் காலைப் பார்த்தேன். அது பீலிப் பாதைப் பக்கம் திரும்பியிருந்தது.

நாளை விடியுமுன்னே அம்மாவின் குடத்தோடு பீலியடியில் நான் நிற்பேன்.