அப்பாவின் வேட்டியும் என் பூஞ்சணமும்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் பூஞ்சணத்துக்கு மரியாதை கிடைத்தது ஒரே ஒரு வாரம்தான். மற்றபடி பாண் ரொட்டியில் பூத்தால் கோழிக்கு, ஊறுகாயில் பூத்தால் குப்பைக்கு. அந்த வாரம் மட்டும் நான் அதைத் தட்டுகளில் போட்டு, ஈரத்துணியால் மூடி, அடுப்புக்கு மேலே பலகையில் வைத்துப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன்.

அப்போது பதுளையில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சந்தையில் கழித்துப் போடும் உருளைக்கிழங்கையும் நெல் ஆலைத் தவிட்டையும் அவித்து, அதில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்தால், மாப்பொருளைக் கரைக்கும் நொதியம் ஒன்றை அது சுரக்கும். துணி ஆலைகளில் நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்த பிறகு அந்தக் கஞ்சியைப் போக்க இந்த நொதியம் வேண்டும். அதைக் கழிவிலிருந்து எடுத்துக் காட்டுவதாக ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வளர்த்துப் பார்த்த இரண்டு தடவையும் அழைக்காத வேறொரு பூஞ்சணம் வந்து குடியேறிக்கொண்டது. "இந்த முறையும் சரிவராட்டி தலைப்ப மாத்துங்க. பட்டம் அடுத்த வருஷந்தான்," என்று ஆய்வைப் பார்க்கும் சேர் சொல்லிவிட்டார்.

பூஞ்சணம் வளர்க்க ஆய்வுகூடத்தில் இருந்த சூட்டுப் பெட்டிக்கு எப்போதும் வரிசை. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் குளிரில் வீட்டு அடுப்படிதான் அதற்கு மாற்று. அம்மாவுக்குத்தான் மானம் போனது.

"திருவிழாவுக்கு ஆளுங்க வருவாங்க. பூஞ்சணம் வளக்கிறோம்னா சொல்லச் சொல்ற?"

அப்பா தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். தேர் அன்று அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்த நேரத்தில் வேட்டி விறைப்பாக நிற்க வேண்டும். நடந்தால் மொடமொடவென்று சத்தம் வர வேண்டும். அதனால் கஞ்சியை அம்மா காய்ச்சலாம், வேட்டியில் போடுவது அவர் மட்டும்தான்.

தேருக்கு முதல் நாள் பிற்பகல் என் தட்டுகளைத் திறந்தேன். தவிடு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அழைத்த ஆள்தான் வந்திருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒட்டப் பிழிந்து, ஒரு பேசின் நிறையக் கலங்கல் நீர் எடுத்தேன். என் பட்டம் அதில்தான் இருந்தது. அதை அடுப்படியில் மூடி வைத்துவிட்டு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பேசின் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அம்மா காய்ச்சுன கஞ்சி ரொம்பக் கெட்டி பாப்பா," என்றார் அப்பா, வாளியில் வேட்டியை அமுக்கியபடி. "அதான் பேசின்ல இருந்த வடிகஞ்சிய ஊத்திக் கலக்கிட்டேன்."

"அது வடிகஞ்சி இல்லப்பா. என்னோட அஞ்சு நாள் வேலை."

அவர் கை வாளியிலேயே நின்றது. நான் நிறுத்தவில்லை. "ஒங்களுக்கு ஒங்க வேட்டிதான் பெருசு," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுருண்டு படுத்தேன். சொன்ன உடனேயே நாக்கு கசந்தது. ஆனாலும் அவரோடு பேசவில்லை.

காலையில் சண்டைச் சத்தத்தில்தான் எழும்பினேன். கொடியில் காய்ந்த வேட்டி பழந்துணி மாதிரி தொங்கியது.

"இது கஞ்சியா, பீலித் தண்ணியா?" என்றார் அப்பா.

"இருவது வருசமா காய்ச்சுறேன். கரண்டி நட்டா நிக்கும் எங் கஞ்சி," என்றார் அம்மா.

நான் வாளியைப் பார்த்தேன். மிச்சக் கஞ்சி தண்ணீராய் ஓடியது. அம்மாவின் சட்டியில் ஒட்டியிருந்ததோ இன்னும் பசை மாதிரி கெட்டியாக இருந்தது. ஓடிப்போய், மாப்பொருள் இருந்தால் நீலமாக்கிக் காட்டும் அயடீன் போத்தலை எடுத்து வந்தேன். சட்டிக் கஞ்சியில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகிவிட்டது. வாளியில் எத்தனை சொட்டு விட்டும் நீலம் வரவில்லை. மாப்பொருள் கரைந்தே போயிருந்தது. துணி ஆலைக்காரன் கேட்பதை என் பூஞ்சணம் அப்பாவின் வேட்டியில் செய்து முடித்திருந்தது.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும், "அப்ப பாஸா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்ல. ஆனா வேல செய்யுது." பிழிந்து போட்ட சக்கை மூலையில் கிடந்தது. அதில் ஒன்றும் இருக்காது என்று நேற்று நினைத்திருந்தேன். திரும்ப ஊறவைத்துப் பிழிந்தேன். ஒரு போத்தல் தேறியது. வீரியம் குறைவுதான், ஆனாலும் கஞ்சியைக் கரைத்தது. சேருக்குக் காட்ட அது போதும்.

மத்தியானம் கோயிலில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கமிட்டியில் ஒருவர் சிரிப்பை அடக்காமல், "என்ன தலைவரே, வேட்டி நனைஞ்ச கோழியாட்டம் இருக்கு?" என்று கேட்டார்.

"எம் மக வேல," என்றார் அப்பா, தப்படிக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "கஞ்சியக் கரைக்கிற மருந்து எடுத்திருக்கா. மொதல்ல சோதிச்சுப் பாத்தது நாந்தான்."

வீட்டு டிரங்குப் பெட்டியில் கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்த இன்னொரு வேட்டி இருந்தது. காலையில் அம்மா அதை எடுத்து நீட்டியதையும், அப்பா வாங்கித் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்ததையும் நான் பார்த்தேன். அப்போது நான் அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.